போய்ப் பார்த்துட்டு வா

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பேய்நாளுக்கு முதல் நாள் ஷிப்டு முடிந்ததும், பூங்காவனம் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பின் நடைவழியில் ஊளையிட்டபடி வருவாள். மொத்தக் குடியிருப்பும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். சிரிக்காதவனுக்கு மண்டையில் ஒரு குட்டு. பயப்படாமல் இருக்கப் பழகுவது அங்கே குளிப்பது, பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை.

"கொலுசு சத்தம் கேட்டா இன்னா பண்ணணும்?"

"சிரிக்கணும்!"

"கதவு தானா தொறந்தா?"

"சிரிக்கணும்!"

"பூனை கண்ணு மின்னுனா?"

"பால் ஊத்தணும்க்கா!" என்று ஒருவன் கத்த, விரிப்புக்குள்ளிருந்தே பேயும் சேர்ந்து சிரிக்கும்.

இது நடந்தது செவ்வாயில். அந்தக் கிரகத்தின் வடக்கே தரைக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டித்தான் குவிமாட நகரத்துக்குத் தண்ணீர் போகிறது. பனிக்கு நடுவே அங்கங்கே பெரிய பெரிய பொந்துகள். அவற்றைக் குழி என்பார்கள். குழிக்குள் காலகாலமாக அடைபட்டுக் கிடக்கும் வாயு. புதுக்குழி ஒன்று திறந்தால் யாராவது முதலில் இறங்கி, கூரை தாங்குமா, வாயு எவ்வளவு என்று பார்த்து வர வேண்டும். அதற்கென்றே பூமியிலிருந்து ஓர் இயந்திரம் வந்திருந்தது. எட்டுக் கால், நாலு கண். ஊர்வான் என்று பெயர். ஆனால் ஊர்வானைக் குழியில் இறக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். மனிதனை இறக்கக் கையெழுத்து வேண்டாம். அதனால் ஊர்வான் துணி போர்த்திப் பத்திரமாக நின்றது. மனிதர்கள் இறங்கினார்கள்.

இறங்கி இறங்கிச் செத்த பிறகு, தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடி ஒரு சட்டம் வாங்கினார்கள். ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பொட்டு அளவில் ஒரு வில்லை ஒட்டப்பட்டது. அச்சமானி. நாடித்துடிப்பு, வியர்வை, ரத்தத்தில் ஓடும் சுரப்பு எல்லாவற்றையும் பார்த்து, பயத்தை அது எண்ணாகச் சொல்லும். குழிவாசலில் நிற்பவனுக்கு எண் அறுபதைத் தாண்டினால் அவனை இறக்கக் கூடாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். எல்லாருக்கும் தாண்டினால் ஊர்வான்தான் போயாக வேண்டும்.

நல்ல சட்டம். நிர்வாகம் சிரித்த முகத்தோடு ஒப்புக்கொண்டது. கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொண்டது. பயம் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே அவரவருக்கு நூறு எது என்று முதலில் கண்டறிய வேண்டும். நிஜ ஆபத்தில் தள்ளி அளப்பது மனிதத்தன்மை ஆகாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு பேய்நாள் வைத்து, பூமியின் பழைய பேய்ப்படங்களைப் போட்டுக் காட்டுவோம். அந்தக் காலத்து ஜனங்கள் டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று பயந்த படங்கள். அதைவிடச் சுத்தமான பயம் எங்கே கிடைக்கும்? படம் பார்க்கும்போது ஒருவனுடைய பயம் எந்த உச்சத்தைத் தொடுகிறதோ, அதுதான் அவனுக்கு நூறு.

வரியைப் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. குழிவாசலில் நின்றால்தான் அதன் சூது தெரியும். படம் பார்த்து அலறினவனுக்கு நூறு எங்கோ உயரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் குழியின் முன் அவன் எவ்வளவு நடுங்கினாலும் முப்பது, நாற்பது. படம் பார்த்துச் சிரித்தவனுக்கு நூறு தரையோடு தரையாக இருக்கும். குழியை எட்டிப் பார்த்ததுமே எழுபது. ஆக, பேய்க்குப் பயந்தவன் குழிக்குப் போவான். அதனால்தான் பூங்காவனத்தின் படுக்கை விரிப்பு.

தணிகாசலத்துக்கு மட்டும் சிரிப்பு வரவே இல்லை. எத்தனை குட்டு குட்டினாலும் வரவில்லை. அவன் நிஜமாகவே பேயை நம்பினவன். படம் ஓடும்போது, பக்கத்தில் உட்காரும் கூட்டாளி காத்தவராயனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அண்ணே, போயிடுச்சா? போயிடுச்சா சொல்லு" என்பான். அவனுடைய நூறு ஆகாசத்தில் இருந்தது. ஆகவே சட்டப்படி அந்தச் சுரங்கத்திலேயே பெரிய தைரியசாலி அவன்தான். ஐந்து குழிகளில் அவன்தான் முதலில் இறங்கினான்.

போன மாதம் ஒன்பதாம் குழி திறந்தது. முறைப்படி முதலில் நிற்க வேண்டியவன் காத்தவராயன். நின்றான். எழுபத்து நான்கு. கதவு சாத்திக்கொண்டது. அடுத்து தணிகாசலம். நாற்பத்தொன்று. கதவு திறந்தது. தலைக்கவசத்தின் வாரை மோவாய்க்கடியில் இரண்டு தரம் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு, "வந்துர்றேண்ணே" என்று போனான். அவனை வெளியே எடுத்தபோது முகம் நீலமாக இருந்தது.

விசாரணை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. 'அச்சமானி 41. தாமாகவே இறங்கினார்' என்று எழுதினார்கள்.

குழி அப்படியேதான் திறந்து கிடந்தது. உள்ளே பாதி கூட யாரும் பார்க்கவில்லை. பேய்நாள் முடிந்ததும் முறை மறுபடி காத்தவராயனிடமிருந்து ஆரம்பிக்கும். இந்த முறையும் சிரித்துவிட்டால் பிழைத்தான்.

*

பேய்நாளன்று உணவுக்கூடத்தின் விளக்குகளை அணைத்துத் திரையைக் கட்டினார் அச்ச அலுவலர் நிரஞ்சன். முப்பது வயதுக்காரர், யாரையும் நீ என்று சொல்லாதவர். பழைய படங்களின் மேல் உண்மையான ஆசை அவருக்கு.

"இது கறுப்பு வெள்ளைப் படம். நான் நாற்பது தடவை பார்த்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். ரசிச்சுப் பாருங்க" என்றார்.

மலைமேல் ஒரு பங்களா. மழை. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி, வீட்டுச் சொந்தக்கார எஜமான், சமையல்காரி. வீணை தானாக ஒலித்தது. கறுப்புப் பூனை ஒன்று குறுக்கே ஓடியது. ஒரு வௌவால் பறந்தது. அதைக் கட்டியிருந்த நூல் நன்றாகவே தெரிந்தது.

"நூலை மறைங்கடா, பாவம் கைல சுத்திக்கப் போகுது" என்றாள் பூங்காவனம். கூடம் சிரித்தது. வெள்ளைப் புடவைக்காரி கையில் விளக்கோடு பாடிக்கொண்டு வந்தாள். "இந்த மழையில விளக்கு அணையல பாரு. இதான்டி அதிசயம்." மறுபடி சிரிப்பு. காத்தவராயனும் வயிறு வலிக்கச் சிரித்தான். அவனுடைய எண் ஆறு, ஏழு என்று கீழேயே கிடந்தது.

அப்போது மாடியில் ஏதோ சத்தம். டொக். டொக்.

எஜமான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்தது, அதையும் எடுக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "யாரங்கே? மேலே என்ன சத்தம்? போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு காவல்காரன் ராந்தலோடு உள்ளே வந்தான். "ஆகட்டுங்க எசமான்" என்றான். ஏணிப்படியில் காலை வைப்பதற்கு முன், மோவாய்க்கடியில் மப்ளரின் முடிச்சை இரண்டு தரம் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டான்.

காத்தவராயனின் காதுக்குப் பின்னால் வில்லை அலறியது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். "போகாதடா" என்று உதடு அசைந்தது. திரையில் ஓர் அலறல். ராந்தல் மட்டும் படியில் உருண்டு உருண்டு கீழே வந்து அணைந்தது. எஜமான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

படம் முடிந்ததும் நிரஞ்சன் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "காத்தவராயன்! இந்த மையத்துல இவ்வளவு உயரம் யாருமே போனதில்ல. தணிகாசலம் கூட இதுல பாதிதான். எந்த இடத்துல பயந்தீங்க? கிணத்துலேர்ந்து கை வருமே, அங்கயா?"

"அந்த வாட்ச்மேன் இன்னா ஆனாரு சார்?"

"எந்த வாட்ச்மேன்?"

காத்தவராயன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நாப்பது தபா பார்த்தேன்றீங்க. மாடிக்குப் போனாரே சார் ஒருத்தர். திரும்பி வந்தாரா? காலையில அந்த வூட்ல எல்லாரும் உக்காந்து காபி குடிக்கிறாங்க. மேல போனவன் எங்கன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

நிரஞ்சன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது... கதைக்குத் தேவையில்லை போல."

"அந்தப் பேய்க்கு எவ்ளோ அழுவுறாங்க" என்றாள் பூங்காவனம். "அவ எலும்பைத் தோண்டி எடுத்து, காரியம் பண்ணி, கொன்னவனை ஜெயில்ல வெச்சு... பேய்க்கு நியாயம் கெடச்சிட்சு. வாட்ச்மேனுக்கு ஒரு மாலை கூட இல்ல. பேயாப் பொறந்திருந்தாலாவது கவனிச்சிருப்பீங்க!"

நிரஞ்சன் காத்தவராயனின் புதிய நூறைப் பதிவுசெய்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

*

மறுநாள் ஒன்பதாம் குழிவாசலில் காத்தவராயனை நிறுத்தினார்கள். உள்ளே எங்கோ ஆழத்தில் பனி விரியும் சத்தம். டொக். டொக். அவனுக்கு முழங்கால் தந்தியடித்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. வில்லையோ முப்பத்தொன்று என்றது. போன மாதம் இதே இடத்தில், இதே நடுக்கத்துக்கு எழுபத்து நான்கு சொன்ன அதே வில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"இது அநியாயம் சார்!" என்று கத்தினாள் பூங்காவனம். "ஆளு நடுங்குறது கண்ணுக்குத் தெரியல?"

"அச்சமானி சொல்றதைத்தாம்மா நான் பார்க்க முடியும்." நிரஞ்சன் காத்தவராயனிடம் மரியாதையாகவே சொன்னார். "ஒண்ணுமில்ல. உள்ள ஏதோ சத்தம் கேக்குது. சும்மா போய்ப் பார்த்துட்டு வாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, எண் முப்பத்தொன்றிலிருந்து நூறுக்குத் தாவியது. கதவு அறைந்து சாத்திக்கொண்டதில் நிரஞ்சனின் செருப்பு முனை மாட்டிக்கொண்டது.

மற்ற இருபது பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார்கள். எல்லாரும் நன்றாகச் சிரித்தவர்கள். அறுபத்தெட்டு, எண்பது, எழுபத்தைந்து. வேறு வழியில்லை. மூன்று கையெழுத்துப் போட்டு, துணியை எடுத்து, ஊர்வானை இறக்கினார்கள். இருபதாவது நிமிஷம் கூரை சரிந்தது. ஊர்வானுக்கு மூன்று கால் போயிற்று.

அடேயப்பா! பதினோரு பேர் ஆணையம் ஒன்று வந்து இறங்கியது. பத்தொன்பது நாள் விசாரித்தார்கள். ஊர்வானின் கடைசி நிமிஷங்களை நாலு கண் வழியாகவும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டார்கள். உடைந்த கால்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். தணிகாசலத்தை எடுத்து வந்தபோது போர்த்தத் துணி இல்லாமல், ஊர்வான் மேல் கிடந்த துணியை எடுத்துத்தான் போர்த்தினாள் பூங்காவனம். அதைத் துவைத்துத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினது இதே நிர்வாகம்தான்.

ஆணையம் கடைசியில் ஒரு முடிவு சொன்னது. பதிவின்படி, குழியைப் பார்த்துக் காத்தவராயன் பயப்படவில்லை. அப்போது முப்பத்தொன்றுதான். 'போய்ப் பார்த்துட்டு வாங்க' என்ற சொல்லைக் கேட்டுத்தான் பயந்திருக்கிறான். ஆக ஆபத்து குழியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. சொல்லை நீக்கிவிட்டால் போதும். இனி எந்த அலுவலரும் எந்தத் தொழிலாளியையும் குழியில் இறங்கச் சொல்லக் கூடாது. கதவு திறக்கும், பச்சை எரியும், விருப்பமுள்ளவர் இறங்கலாம்.

*

புது விதி வந்த முதல் நாள், ஒன்பதாம் குழியின் கதவு திறந்தது. காத்தவராயனுக்கு முப்பத்திரண்டு. பச்சை. நிரஞ்சன் கைகட்டி ஓரமாக நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காத்தவராயன் வாசலுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் பூங்காவனம் உட்கார்ந்தாள். அப்புறம் எல்லாரும்.

ஒரு மணி நேரம் போயிற்று. நிரஞ்சன் கனைத்தார். குழியைப் பார்த்தார். காத்தவராயனைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார்.

"இன்னா சார், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள் பூங்காவனம். "வெந்நி வெக்கட்டா?"

"இல்லம்மா... கதவு திறந்திருக்கு."

"திறந்திருக்கு சார். பார்த்தோம்."

"பச்சை எரியுது."

"அழகா எரியுது" என்றான் காத்தவராயன். "எனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே சார்."

மூன்றாவது மணி நேரம், சுவர்த்திரையில் குவிமாட நகரத்திலிருந்து இயக்குநர் மதுராந்தகன் தோன்றினார். நகரத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரத்துக் குறைவு. கையில் காபிக் கோப்பை. ஒன்பதாம் குழி ஏன் இன்னும் பார்க்கப்படவில்லை என்று கேட்டார். நிரஞ்சன் விதியைச் சொன்னார். உள்ளேயிருந்து டொக், டொக்.

"அது என்ன சத்தம்?"

"தெரியல சார்."

"தொழிலாளிங்களைத்தானே சொல்லக் கூடாது?" மதுராந்தகன் ஒரு மிடறு குடித்தார். "நீங்க இருக்கீங்களே நிரஞ்சன். போய் என்னன்னு பார்த்துட்டு வந்துடுங்க. சும்மா ஒரு எட்டு."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிரஞ்சன் பக்கம் திரும்பினார்கள்.

"ஆ... ஆகட்டும் சார்" என்றார் நிரஞ்சன்.

வேறு என்ன சொல்வார்? அவருக்கும் மேலே ஆள் இருந்தது. பூங்காவனம் எடுத்துக் கொடுத்த கவசத்தை மாட்டிக்கொண்டார். கையுறைக்குள் விரல்கள் போகவில்லை. தலைக்கவசத்தை வைத்து, மோவாய்க்கடியில் வாரை ஒரு தரம் இழுத்தார். சந்தேகம் வந்து இன்னொரு தரம் இழுத்தார்.

இரண்டாவது தரத்தைப் பார்த்ததும் காத்தவராயன் எழுந்துவிட்டான்.

"காத்தண்ணே..." என்றார் நிரஞ்சன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணே. "அந்த வாட்ச்மேன்... திரும்பி வரவே இல்லல்ல?"

காத்தவராயன் தன் காதுக்குப் பின்னாலிருந்து வில்லையைப் பிய்த்தெடுத்தான். நிரஞ்சனின் கவசத்தை லேசாகத் தூக்கி, அவர் காதுக்குப் பின்னால் அழுத்தி ஒட்டினான். வில்லைக்கு யார் தோல் என்று தெரியாது. காத்தவராயனுடைய அந்த ஆகாச உயரத்து அளவுகோலில்தான் அது நிரஞ்சனையும் அளந்தது.

நூறு.

கதவு சாத்திக்கொண்டது. அத்தோடு நிற்கவில்லை. வாசலில் நிற்பவர் அலுவலர் என்பதைக் கதவு அவருடைய அடையாள அட்டையிலிருந்து படித்திருந்தது. சுரங்கம் முழுக்க யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சங்கு ஊதியது. சட்டத்தில் ஒரு கிளைப்பிரிவு இருந்ததாம்: அலுவலர் நிலையில் உள்ள ஒருவருக்கு அறுபதைத் தாண்டினால் அந்தக் குழியை அக்கணமே நிரந்தரமாக மூட வேண்டும். இத்தனை வருஷம் அது யாருக்கும் தெரியாது. எந்த அலுவலரும் வில்லை ஒட்டிக்கொண்டதில்லையே. திரையில் மதுராந்தகனின் கையிலிருந்த காபி மேஜையில் கொட்டியது. "ஐயோ, நிரஞ்சன்! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? உட்காருங்க, முதல்ல உட்காருங்க!"

ஒரு மனிதன் செத்தும் மூடாத குழி. ஓர் இயந்திரம் நொறுங்கியும் மூடாத குழி. ஓர் அதிகாரிக்கு வியர்த்ததும் மூடிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் வாசலில் பித்தளைப் பலகையும் வந்துவிட்டது: 'அச்ச அலுவலர் திரு. நிரஞ்சன் அவர்களுக்கு நேர்ந்த அச்சத்தை முன்னிட்டு மூடப்பட்டது.'

பூங்காவனம் கம்பி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய், பலகையின் கீழே கோணல்மாணலாக ஒரு பெயரைச் சுரண்டினாள். தணிகாசலம். பித்தளைக்குக் கீறல் விழுந்தது பற்றி விசாரிக்க ஐந்து பேர் நியமிக்கப்பட்டார்கள்.

*

அடுத்த பேய்நாளில் நிரஞ்சனும் வில்லை ஒட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. புது விதி. அதே படத்தைத்தான் போட்டார்கள். எஜமான் வாசல் பக்கம் திரும்பியதும் இரண்டு வில்லைகள் ஒன்றாக அலறின. யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு போட்ட பிறகு நிரஞ்சன் காத்தவராயன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

"அண்ணே, அந்த வாட்ச்மேனா நடிச்சவர் பேரைத் தேடிப் பார்த்தேன். படத்தோட ஆரம்பத்துல பேர் போடுவாங்க இல்ல, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எஜமான் பேரு இருக்கு. பேய் பேரு பெரிய எழுத்துல இருக்கு. சமையல்காரி, டாக்டர், வீணை வாசிச்சவர், எல்லாம் இருக்கு."

"வாட்ச்மேன்?"

"இல்ல." நிரஞ்சன் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "கடைசியில ஒரு வரி வருது. 'கறுப்புப் பூனை தந்து உதவியவருக்கு எங்கள் நன்றி'ன்னு. பூனைக்காரர் பேரு, ஊரு, தெரு எல்லாம் போட்டிருக்கு."

காத்தவராயன் அந்தக் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பூனை மாடிக்குப் போகலியே சார்" என்றான்.